ஐயத்தின் பெயர் யார்மேல்? நீலகிரியில் நம்பாமையைக் குறித்த சொற்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பிறரை நம்பாதவரையும் பிறரால் நம்பப்படாதவரையும் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் மனஇயல்பைச் சுட்டுவனவாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. நீலகிரியின் 19, 20ஆம் நூற்றாண்டு வரலாற்றில் வைத்து நோக்கினால் இச்சொற்கள் மனத்தைக் காட்டிலும் அதிகாரத்தையே பின்தொடர்ந்து சென்றிருப்பது புலப்படுகிறது. குறும்பர், தோட்டத் தொழிலாளர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் ஆகிய மூன்று பிரிவினரை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஐயம், அவநம்பிக்கை, குறும்பர், கூலி, கள்ளத்தோணி, தாயகம் திரும்பியோர், நீலகிரி.

முன்னுரை

எதையும் நம்பாதவரைச் 'சந்தேகப்பிராணி' என்பது பேச்சு வழக்கு. 'அவநம்பிக்கையாளர்', 'அவநம்பிக்கைவாதி' என்பன எழுத்து வழக்கு. மூன்று சொற்களும் ஓர் எண்ணத்தைப் பொதுவாகக் கொண்டுள்ளன: நம்பாமை அந்த மனிதரின் குணம், எதை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று கேட்கவேண்டிய தேவை இல்லை. வினையாக இருந்தது பெயராக மாறும்போது காரணம் விடுபட்டுப்போகிறது. 'அவர் அதை நம்பவில்லை' என்னும் தொடருக்குச் செயப்படுபொருள் உண்டு. 'அவர் ஒரு சந்தேகப்பிராணி' என்னும் தொடருக்கு அது இல்லை.

இந்த மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'சினிக்' என்பது நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றி, டயோஜனிஸ் முதலியோரின் தத்துவப் பள்ளிக்குப் பெயராக நின்றது. 'ஸ்கெப்டிக்' என்பது ஆய்ந்து நோக்குபவர் என்னும் பொருளது. அதுவும் ஒரு பள்ளியின் பெயரே. பள்ளிகள் மறைந்தபின் பெயர்கள் மனப்போக்கின் பெயர்களாக எஞ்சின. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்விரண்டையும் 'பெசிமிஸ்ட்' என்பதனையும் 'அவநம்பிக்கை' என்னும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுக்கிவிடுகின்றனர். ஆய்ந்து பார்ப்பவரும், எள்ளி நகைப்பவரும், தீயதையே எதிர்நோக்குபவரும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றனர்.

சொற்களின் பழைய நிலை

'அவநம்பிக்கை' என்பது வடமொழி முன்னொட்டும் தமிழ்ப் பகுதியும் இணைந்த கலப்புச்சொல். அதன் தமிழ்ப் பகுதியான 'நம்பு' பழந்தமிழில் இன்றைய பொருளில் மட்டும் நின்றதன்று. தொல்காப்பிய உரியியல் அதற்கு நசை, அதாவது விருப்பம், என்னும் பொருளைத் தருகிறது. ஒருவரை நம்புதல் என்பது ஒருவரை விரும்புதலின் வழிவந்த பொருள் எனக் கொண்டால், நம்பாமை என்பது அறிவின் குறைபாடு அன்று, உறவின் நிலை.

இன்று நம்பிக்கை என வழங்கும் பொருளைத் திருக்குறள் பெரும்பாலும் 'தெளிதல்', 'தேறுதல்' என்னும் வினைகளால் உணர்த்துகிறது. 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். ஆராய்ந்து பின் நம்புக என்பதே அதன் சாரம். அதன் இறுதிக் குறள் இரண்டு குற்றங்களை இணையாக நிறுத்துகிறது: ஆராயாமல் நம்புவது ஒன்று; நம்பியபின் ஐயுறுவது மற்றொன்று. இங்கு ஐயுறவு ஒரு செயல். அதற்கு உரிய காலமும் உண்டு, உரியதல்லாத காலமும் உண்டு. தெளிவதற்கு முன் ஐயுறுவது கடமை. தெளிந்தபின் ஐயுறுவது கேடு. ஐயுறுபவருக்கென ஒரு சாதிப்பெயர் அங்கு இல்லை.

இலக்கணமும் ஐயத்தை இவ்வாறே நடத்துகிறது. தொலைவில் தோன்றும் உருவம் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அதனை எவ்வாறு சொல்வது என்பதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதி கூறுகிறது: பன்மையில் சொல்லுக. ஐயத்துக்கு இலக்கணம் தரும் மருந்து, ஒரு பெயரைச் சூட்டி முடித்துவிடாமல் சொல்லை அகலமாக வைத்துக்கொள்வது. இவ்விதி பால் மயக்கத்தைப் பற்றியதே. ஆயினும் ஐயம் என்பது சொல்பவரின் தற்காலிக நிலை என்னும் கருத்து அதனுள் இருக்கிறது.

பழந்தமிழ் இதில் முற்றும் மாசற்றது என்று கூறுவதும் பொருந்தாது. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாகக் கருதப்படுவான் எனத் திருக்குறள் 850 கூறுகிறது. மறுப்பவனுக்கு 'அலகை' என்னும் பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது. புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில் அக்குறள் அமைந்துள்ளமையும் கருதத்தக்கது. எனினும் மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வேறொரு மரபு காணப்படுகிறது. அளவைவாதி, ஆசீவகவாதி, பூதவாதி என அங்கு வரும் 'வாதி' என்னும் ஈறு, ஒரு நிலைப்பாட்டை முன்வைத்து வாதிடுபவர் என்னும் பொருளது. காட்சிப் பொருளை அன்றி வேறொன்றையும் ஏற்காத பூதவாதிக்கும் தன் கொள்கையை எடுத்துரைக்க இடம் தரப்படுகிறது. இக்கால 'அவநம்பிக்கைவாதி' அதே ஈற்றைப் பெற்றிருக்கிறார். அவரிடம் வாதம் என்ன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

குறும்பர்: நம்பப்படாதவர் பெற்ற பெயர்

நீலகிரியின் மேட்டுநிலத்திலும் சரிவுகளிலும் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் நெடுங்காலம் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். தோடரின் பால்பொருள்கள், கோத்தரின் மட்கலமும் இரும்புக் கருவியும் இசையும், படகரின் தானியம், குறும்பரின் தேனும் மூங்கிற்பொருள்களும் காட்டுப்பொருள்களும் கைமாறின. குறும்பர் கொடுத்த பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அடங்கும்: காப்பு. படகர் ஊர்களில் விதைப்பின் முதற்பிடியைத் தூவவும், பயிரையும் கால்நடையையும் தீங்கினின்று காக்கும் சடங்குகளைச் செய்யவும் குறும்பர் அழைக்கப்பட்டனர். அதற்கு ஈடாகத் தானியம் பெற்றனர்.

காக்க வல்லவர் அழிக்கவும் வல்லவர் என்னும் எண்ணம் இந்த உறவினுள்ளேயே இருந்தது. கொள்ளைநோயோ மாட்டு நோயோ வந்தபோது அது வெளிப்பட்டது. 1835இல் 48 குறும்பர் கொல்லப்பட்டதையும், 1875இலும் 1882இலும் அதனினும் குறைந்த எண்ணிக்கையில் கொலைகள் நிகழ்ந்ததையும், 1900இல் ஒரு குறும்பர் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டதையும் காலனிய கால நூல்கள் பதிவுசெய்துள்ளன. 1900இல் கொல்லப்பட்ட குடும்பத்தின் தலைவர் மருத்துவர் எனப் பெயர் பெற்றவர். ஒரு படகர் ஊருக்கு நோயையும் சாவையும் கொண்டுவந்தவர் என ஐயுறப்பட்டவர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

பதிவுகளின் மொழியை இங்கு உற்றுநோக்க வேண்டும். நிகழ்ந்தது ஐயத்தால் விளைந்த கொலை. ஐயுற்றவர் ஒரு தரப்பு, ஐயுறப்பட்டு மாண்டவர் மற்றொரு தரப்பு. எனினும் இனவரைவியல் நூல்களில் நிலைத்த அடைமொழி மாண்டவருக்கே சேர்ந்தது: குறும்பர் மந்திரக்காரர். ஐயுற்றவருக்கு அவ்வாறு ஒரு பெயர் நிலைக்கவில்லை. அதே நூல்கள் குறும்பரை அச்சமுடையோர், அயலாரைக் கண்டால் ஒதுங்குவோர் என்றும் வருணிக்கின்றன. அஞ்சி ஒதுங்குபவரும் அஞ்சப்படுபவரும் ஒருவரே என்னும் முரண் அந்நூலாசிரியர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை. மீண்டும் மீண்டும் கொலைக்கு ஆளாகும் ஒரு சிறு சமூகம் ஆள்நடமாட்டம் கண்டு ஒதுங்குவதற்குக் 'கூச்ச சுபாவம்' என்பதைவிட எளிய விளக்கம் உண்டு.

ஒப்பீட்டுக்குத் தோடரைக் கருதலாம். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் குறிபார்த்தலுக்கும் மந்திரத்துக்கும் தனி இயல் உண்டு. தோடருள்ளும் பிறருக்குத் தீங்கு விளைக்கும் மந்திரம் அறிந்தோர் எனக் கருதப்பட்டோர் இருந்தனர் என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. ஆயினும் தோடர் என்றதும் ஐரோப்பிய எழுத்தில் எழுந்த உருவம் எருமை மேய்க்கும் தொன்மையான பெருமிதமுள்ள இனம் என்பதே. மந்திரம் பற்றிய ஐயம் இரு சமூகத்தார்மீதும் இருந்தது. மேட்டுநிலத்தில் புல்வெளியும் மந்தையும் உடையோர்மீது அது பெயராக ஒட்டவில்லை. சரிவுக் காட்டில் சிறு குடிசைகளில் வாழ்ந்தோர்மீது ஒட்டியது.

தமிழ்ச் சொல்லே இதற்கு ஒருவகையில் துணைசெய்தது. 'குறும்பு' பழந்தமிழில் சிற்றரணைக் குறித்தது. 'குறும்பர்' அரண்களை உடைய குறுநிலத் தலைவர். பேரரசுகளின் நோக்கில் அரணுக்குள் இருந்து பணிய மறுப்பவர் பகைவர். ஆகவே பகை, தீங்கு என்னும் பொருள்கள் சேர்ந்தன. இன்று குழந்தையின் விளையாட்டுத்தனத்தைக் குறிக்கும் அளவுக்கு அச்சொல் மென்மையடைந்துள்ளது. மெக்கன்சி சுவடிகளில் காணப்படும் தொண்டைமண்டலக் குறும்பர் கதைகளையும், தக்காணத்து ஆடுமேய்க்கும் குறும்பரையும், நீலகிரிக் காட்டுக் குறும்பரையும் ஒரே இனமாக இணைக்க 19ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலர் முயன்றனர். கஸ்டவ் ஆப்பர்ட் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். பெயரின் ஒற்றுமை இன ஒற்றுமைக்குச் சான்றாகாது. ஆனால் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ் எழுத்தருக்கும் துபாஷிக்கும் 'குறும்பர்' என்னும் பெயர் காதில் விழுந்தபோது 'குறும்பு' என்பதன் பொருளும் உடன் விழுந்திருக்கும். அரணின் பெயர் மனிதரின் பெயராகி, மனிதரின் பெயர் குற்றத்தின் பெயராயிற்று.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப்பின் காட்டெரிப்பு வேளாண்மையும் காட்டுப்பொருள் சேகரிப்பும் கட்டுப்படுத்தப்பட்டன. குறும்பர் பலர் காப்பித் தோட்டங்களில் வேலைக்குச் சென்றனர். அங்கு அவர்களுக்கும், சமவெளியிலிருந்து வந்தோருக்கும், வேறொரு பெயர் காத்திருந்தது.

முன்பணமும் மோசடியும்

'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குரிய ஊதியம். தோட்ட வழக்கில் அது ஊதியம் பெறுபவரின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் பிறப்பு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. குசராத்துப் பகுதியின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். தமிழ்நாட்டிலிருந்து மலைக்குச் சென்றவரைப் பொறுத்தவரை, தாம் பெறவேண்டிய பொருளின் பெயரால் தாமே அழைக்கப்பட்டனர் என்பதே நிலை. அந்தப் பொருள் உரிய காலத்தில் கிடைத்ததா என்பது வேறு வினா.

நீலகிரியில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும், தேயிலை வணிக அளவில் அதன் பிற்பாதியிலும் வேரூன்றின. ஆட்களைத் திரட்டியவர் மேஸ்திரி அல்லது கங்காணி. தோட்ட உரிமையாளரிடம் முன்பணம் பெற்று, ஊருக்குச் சென்று, குடும்பங்களுக்குக் கொடுத்து, ஆட்களை மலைக்குக் கொண்டுவருவது அவர் தொழில். முன்பணம் கடன், வேலை செய்து தீர்க்கவேண்டியது. தென்னிந்தியத் தோட்டங்களில் செலவுக்கு அவ்வப்போது சிறுதொகை தந்து, முழுக் கணக்கை ஒப்பந்தக் காலத்தின் முடிவில் தீர்க்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1931இல் அறிக்கை தந்த இந்தியத் தொழிலாளர் குறித்த அரச ஆணையம் இதனைக் கவனித்துள்ளது.

முன்பணம் என்பதைத் தொழிலாளரைப் பிணைக்கும் கயிறாகவே பெரும்பாலான ஆய்வுகள் காண்கின்றன. அது சரியே. ஆனால் அது கொடுக்கப்பட வேண்டியிருந்தது என்னும் உண்மையின் மறுபக்கமும் கருதத்தக்கது. பல மாதங்களுக்குப் பின்னர் தரப்படும் என்று சொல்லப்படும் கூலியை நம்பி, காய்ச்சலும் குளிரும் உள்ள மலைக்கு எவரும் வெறுங்கையுடன் புறப்படவில்லை. முதலில் பணம், பிறகு பயணம் என்பது நம்பாமையின் வெளிப்பாடு. திருக்குறளின் மொழியில் கூறினால், தெளிவதற்குமுன் செய்யவேண்டிய ஐயுறவு.

சட்டம் இதனை வேறுவிதமாகப் படித்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்றபின் வேலை செய்யாத தொழிலாளரின் செயலை மோசடியாகக் கருதியது. நீதிபதி பணத்தைத் திருப்பித்தரவோ வேலையை முடிக்கவோ ஆணையிடலாம்; ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கூலியைத் தாமதித்த முதலாளிக்கு இதே சட்டத்தில் சிறை இல்லை. அவர்மீது உரிமையியல் வழக்கே தொடரலாம். 1903இல் சென்னை மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனித் தொழிலாளர் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. 1893இல் உருவான தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் ஒன்றிய சங்கமான உபாசி, இத்தகைய சட்டப் பாதுகாப்பைக் கோரிய அமைப்புகளுள் முதன்மையானது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் நீக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பத்தாண்டின் முடிவில் மறைந்தது.

ஒரே பரிமாற்றத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பவில்லை. முதலாளியின் நம்பாமை சட்டமாயிற்று. ஆதலால் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. தொழிலாளியின் நம்பாமை 'மோசடி', 'ஓடிப்போதல்' எனக் குற்றத்தின் பெயர்களைப் பெற்றது. இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' இதன் இன்னொரு வடிவம். ஒரு குழுவின் கடன் தீர்ந்தால் அதனை விடுவிப்பதாக எழுதித் தரப்படும் சீட்டு அது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபின்னும் 'பற்றுச்சீட்டு' தொடர்ந்தது. சீட்டு இல்லாதவர் எங்கும் நம்பப்படாதவர். இலங்கை பற்றிய இச்செய்தி நீலகிரி வரலாற்றுக்குப் புறம்பானதன்று; அந்தச் சீட்டுகளை அறிந்த குடும்பங்களே பின்னர் நீலகிரிக்கு வந்தன.

கள்ளத்தோணியும் தாயகமும்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள்மீது வழங்கிய வசைச்சொல் 'கள்ளத்தோணி'. இச்சொல்லின் அமைப்பு கருதத்தக்கது. தோணி ஒரு கலம். அனுமதியின்றி வருவது கள்ளத்தோணி. கலத்தின் பெயர் அதில் வந்தவருக்கும், பின் அதில் வராதவருக்கும் ஆயிற்று. அரசின் ஏற்பாட்டில் முறையாகக் கப்பலேறி வந்தவரின் பேரன், அட்டன் லயத்தில் பிறந்தவன், அவனும் கள்ளத்தோணி. அரண், ஊதியம், தோணி என மனிதரல்லாத மூன்று பொருள்கள் மனிதரின் பெயர்களாகியுள்ளன. மூன்றிலும் பெயரைச் சூட்டியவர் பெயர்பெற்றவரைவிட வலியவர்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் நிலையைக் கருதியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவுசெய்யப்படுவர். அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. இலட்சக்கணக்கான மனிதர் எண்களாகப் பேசப்பட்ட இந்த உடன்பாடுகளில் அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் முதலிய தலைவர்களின் எதிர்ப்பும் பொருட்படுத்தப்படவில்லை.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பின் ஒதுக்கப்பட்ட இடம் என்பது வந்தவரின் வழி. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் டான்டீயாக, உருப்பெற்றது. கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் முதலிய இடங்களில் காடு திருத்தப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. வந்தவருக்கு அரசு ஆவணங்களில் வழங்கிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. மலைவாழ் மக்களின் பேச்சில் அவர்கள் 'சிலோன்காரர்'.

இவ்விரண்டுள் அரசின் பெயர் பரிவானது. மக்களின் பெயர் சற்றுப் புறத்தே நிறுத்துவது. ஆனால் ஐயத்தின் வரலாற்றில் பரிவான பெயரே கூடுதல் கவனத்துக்குரியது. திரும்புதல் என்னும் வினை, முன்பு இங்கிருந்து சென்றவருக்கே பொருந்தும். வந்தோருள் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்பன பாட்டன் சொல்லிய ஊர்ப்பெயர்கள். பிறக்காத ஊருக்குத் திரும்பியவர் எனப் பெயர் பெற்றபின், 'இது எங்கள் ஊர்தானா' என்று கேட்பதற்கு மொழியில் இடமில்லாமல் போகிறது. கேட்பவர் நன்றியற்றவராகவோ மனக்கசப்புடையவராகவோ தோன்றுவார். வசைச்சொல்லை மறுக்கலாம்; வாழ்த்துச்சொல்லை மறுப்பது கடினம்.

அவர்களின் ஐயத்துக்கு ஆதாரங்கள் இருந்தன. கடவுச்சீட்டு, குடும்ப அட்டை முதலிய தாள்களைத் தலைமுறை கடந்தும் காத்துவைக்கும் பழக்கத்தை அயலவர் மிகையான எச்சரிக்கை எனக் கொள்ளக்கூடும். தாள் இல்லாமையால் நாடிழந்தவரின் பிள்ளைகளுக்கு அது வெறும் நினைவாற்றல். 1983க்குப்பின் இலங்கையிலிருந்து வந்த ஏதிலியரும் குடியுரிமையுடன் வந்த இவர்களும் சட்டத்தில் வெவ்வேறு பிரிவினர். பேச்சு வழக்கில் இருவருக்கும் 'அகதி' என்னும் ஒரே சொல் விழுந்தது. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து எழுந்த வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன; அதனால் பட்டா இல்லாமல் வாழும் பல்வேறு குடியினரின் பொதுத் துயரத்தில் தனியே குடியேறிய இலங்கைத் தமிழருக்கும் பங்குண்டு. டான்டீ குடியிருப்பு வேலையோடு இணைந்தது. ஓய்வு பெறும்போது வீட்டை விடவேண்டும். முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்கும் வீடு கழகத்துடையதே.

2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்கும் முடிவை அரசு எடுத்தபோது, நட்டம் ஈட்டும் தோட்டப்பகுதிகள் என்பதும் காடு மீள்வது சூழலுக்கு நன்மை என்பதும் காரணங்களாக அமைந்தன. யானை வழித்தடங்கள் நெருக்குண்ட பந்தலூர் வட்டாரத்தில் இரண்டாவது காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தொழிலாளர் எழுப்பிய வினாக்கள் வீட்டையும் வேலையையும் பற்றியவை. நிலம் வனத்துறைக்குத் திரும்பும்போது அதில் வேலை செய்வோர் எங்கே திரும்புவர் என்பதற்கு 'தாயகம் திரும்பியோர்' என்னும் தொடரில் விடை இல்லை. நீலகிரியிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே தொடரால் குறிக்கப்படுகின்றனர்.